ஆட்டுக்குளம்புக் கல்

காங்கிரீட்டுக்குக் காது உண்டு. ஊத்தின நேரத்துலேர்ந்து ஆறு மணி நேரம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது வெறும் கல். இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ தெரியாது, நல்லா இருக்கட்டும். என் நிம்மதியைக் கெடுத்தது அவன்தான்.

என் பேர் உலகம்மாள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், பொழைக்கிறது சென்னையில. சிவில் டிப்ளமா படிச்சுட்டு, ஒன்பது வருஷமா பழைய கட்டடங்களை ஒட்டுக் கேக்கிற வேலை பாக்குறேன். கம்பெனி அட்டையில 'ஒலி மீட்பாளர்'னு போட்டிருக்கும். என் தங்கச்சி, "அக்கா சுவத்தோட குடும்பம் நடத்துறா"ன்னு சொல்லுவா. சொல்லிட்டுப் போகட்டும். ஒரு பாலத்துத் தூணைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு முந்தின கொலையைக் கண்டுபிடிச்சவ நான். அதுக்கப்புறம்தான் கோர்ட்டுலயும் தீர்ப்பாயத்துலயும் கல் சொல்றதைச் சாட்சியா எடுத்துக்க ஆரம்பிச்சாங்க. எடுத்துக்கிட்ட கையோட ஒரு விதியும் போட்டாங்க: காதுல விழுற சொல் மட்டும்தான் சாட்சி. அழுகை, சிரிப்பு, இருமல், பெருமூச்சு எதுக்கும் மதிப்புக் கிடையாது. அந்த விதியை எழுதினவன் வாழ்க்கையில ஒரு தடவைகூட அழுதிருக்க மாட்டான்.

ரெண்டாயிரத்து நாப்பத்திரண்டு மாசியில என்னை முள்ளுச்செவலுக்கு அனுப்பினாங்க. கோவில்பட்டிக்குத் தெக்கே, கரிசக்காட்டு நடுவுல இருக்கிற ஊர். ஊரை ஒட்டி ஒரு பழைய ராணுவ விமானத் திடல். ஊர்க்காரங்க அதை ஏரோட்ராம்னு சொல்றாங்க.

அதோட வரலாறு ரொம்பச் சின்னது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திமூணுல, ஜப்பான்காரன் வந்துடுவான்னு பயந்து, வெள்ளைக்கார ராணுவம் அஞ்சே மாசத்துல போட்ட ஓடுதளம். அறுபத்திமூணு குடும்பத்தோட காடு, கிணறு, களம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. அந்தக் குடும்பத்து ஆளுங்களையே கூலிக்குச் சேத்து, அவங்க நெலத்து மேல அவங்க கையாலயே காங்கிரீட் ஊத்த வச்சாங்க. ஜப்பான்காரன் வரவே இல்லை. யுத்தம் முடிஞ்சதும் தகரம், குழாய், கதவு நிலை முதக்கொண்டு கழட்டி லாரியில ஏத்திக்கிட்டு ராணுவம் கிளம்பிடுச்சு. ஓடுதளத்தை மட்டும் விட்டுட்டுப் போனாங்க, பாய் மாதிரிச் சுருட்ட முடியாதுல்ல. அப்புறம் அதுல வத்தல் காயப்போட்டாங்க, உளுந்து அடிச்சாங்க, லாரி ஓட்டப் பழகினாங்க. சினிமாக்காரங்க வந்து ரெண்டு காரைக் கொளுத்திட்டுப் போனாங்க. நெலம் மட்டும் திரும்பி வரலை. ராணுவத்துக்கிட்டேயிருந்து சர்க்காருக்குப் போச்சு, ஒரு இலாகாவிலேர்ந்து இன்னொரு இலாகாவுக்குப் போச்சு. அறுபத்திமூணு குடும்பமும் ஓடுதளத்து ஓரத்துலயே பட்டா இல்லாம வீடு கட்டி, இடைவெளியில கிடக்கிற மண்ணுல கம்பும் பருத்தியும் போட்டுப் பொழைச்சாங்க.

இப்போ அங்க சரக்கு விமான நிலையம் வருதாம். ஓரத்துல இருக்கிறவங்க காலி பண்ணணும். 'யுத்தம் முடிஞ்சா நெலத்தைத் தர்றேன்னு வாக்குக் கொடுத்தாங்க'ன்னு ஊர்க்காரங்க வழக்குப் போட, 'வாக்குக்கு ஆதாரம் என்ன'ன்னு தீர்ப்பாயம் கேக்க, 'கல்லைக் கேளுங்க'ன்னு ஒரு மனுஷன் சொல்லியிருக்காரு. அந்த மனுஷன்தான் கொம்பையா அண்ணாச்சி.

எழுபத்திநாலு வயசு. முப்பத்தஞ்சு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவர். ஓடுதளத்துல என்னைக் கூட்டிட்டுப் போகும்போது வேடிக்கை பாக்க வந்த கூட்டத்தைத் திரும்பிப் பாத்து, "முன்னால எடம் கெடக்குல்லா, ஏன் எல்லாரும் வாசல்லயே நிக்கிய?"ன்னு அதட்டினார். வாசலும் கிடையாது, சுவரும் கிடையாது, ஆனா கூட்டம் நகந்துச்சு.

"இதான் தாயி கல்லு."

பதினஞ்சு அடிக்குப் பதினஞ்சு அடி காங்கிரீட் பலகை. குறுக்கால ஆட்டுக் குளம்பு பதிஞ்சு கிடந்துச்சு, நேத்துத்தான் ஓடின மாதிரி.

"அன்னைக்கு எங்க வீட்டு வெள்ளாடு ஒண்ணு கயித்தை அத்துக்கிட்டு ஈரத்துல ஓடியிருக்கு. அந்த நேரத்துலதான் இதே எடத்துல நெலம் எடுக்க வந்த டிப்டி தாசில்தாரு ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணினாரு. எங்க அப்பா சாகுற வரைக்கும் இந்த ஆட்டுக் கதையைச் சொல்லிச் சிரிப்பாக. கல்லு எப்படித் தாயி கேக்கும்?"

"சிமெண்ட்ல தண்ணி கலந்ததும் உள்ள ஊசி ஊசியாப் படிகம் முளைக்கும் அண்ணாச்சி. பக்கத்துல யாராவது பேசினா அந்த அதிர்வுல ஊசி துளியூண்டு சாஞ்சு வளரும். இறுகிட்டா அந்தச் சாய்வு அப்படியே நின்னுடும். கல்லைச் சிப்ஸ் மாதிரிச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் எவ்வளவு சாய்வுன்னு மெஷின் படிக்கும். படிச்சுச் சேத்தா குரல் வந்துடும்."

"சீவுனா கல்லு?"

"கல் தூளாப் போயிடும். ஒரே தடவைதான் கேக்க முடியும்."

கொம்பையா அண்ணாச்சி குனிஞ்சு குளம்புத் தடத்தைத் தொட்டுப் பாத்தார். "சரி. அது பேசிட்டுப் போகட்டும்"னார்.

பதினோரு நாள் ஆச்சு. நாங்க கண்டெய்னர் போட்டு அதுக்குள்ள மெஷினை வச்சிருந்தோம், வெளியில மாசி வெயில் காய்ச்சி எடுத்துச்சு. முதல் ரெண்டு மணி நேரம் முழுக்கச் சட்டிச் சத்தம், மண்வெட்டிச் சத்தம், மேஸ்திரியோட ஏச்சு. நடுவுல ஒரு பொம்பளைக் குரல், "மெதுவா ஊத்துங்கடே, கீழ எங்க கெணறு கெடக்கு"ன்னு சொல்லுச்சு. கிணத்தை மூடி அது மேல ஊத்துறாங்க, அது நோகுமேன்னு அவளுக்குக் கவலை. நான் ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டு வெளியில போய் அழுதேன். பாலத்துத் தூணுக்குக்கூட நான் அழுததில்லை.

விதிப்படி முழுப் பதிவையும் முதல்ல தீர்ப்பாயத்துலதான் போடணும். நான் விதியை மதிக்கலை. பன்னெண்டாம் நாள் மத்தியானம் கொம்பையா அண்ணாச்சியைக் கண்டெய்னருக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுப் போட்டுக் காட்டினேன். சத்தியம் பண்ற பகுதியை நானும் அப்பதான் முதல் தடவை கேக்குறேன்.

ஆடு கத்துச்சு. உடனே மேஸ்திரி, "ஏலே மாடக்கண்ணு, ஒன் ஆட்டைப் பிடிலே! காலையிலேருந்து மட்டம் பாத்ததெல்லாம் போச்சு!"ன்னு கத்தினார். கூட்டம் சிரிச்சுது. அண்ணாச்சியும் சிரிச்சார், கண்ணுல தண்ணி கொட்டுது. "மாடக்கண்ணு எங்க தாத்தா தாயி. நான் பாத்ததே இல்ல."

ஒரு பொம்பளை, "சாமி, எங்க நெலம் திரும்பி வந்துருமா?"ன்னு கேட்டா. கூட்டம் அடங்கிச்சு. ஒரு ஆம்பளைக் குரல், படிச்ச குரல், தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சுது.

"இந்தா பாருங்கப்பா. சர்க்கார் சார்பா நான் சொல்றது என்னன்னா..."

"சாமி, பொறுங்க." இது மாடக்கண்ணு. "வாயால வேண்டாம்."

"பின்ன எப்படிய்யா?"

"எங்க ஊர் வழக்கப்படி பண்ணுங்க. ஏட்டி, அந்தச் செம்பை இங்க கொண்டா."

நான் மெஷினை நிறுத்தினேன். "என்ன செம்பு? என்ன வழக்கம் அண்ணாச்சி?"

அவர் சாதாரணமாத்தான் சொன்னார். "சத்தியம் பண்றவன் வாயில ஒரு மடக்குத் தண்ணி வச்சுக்கிடணும். வச்சுக்கிட்டுத்தான் உள்ளங்கையால சூடத்தை அணைக்கணும். அணைச்சதும் தண்ணியை முழுங்கிரணும். சத்தியம் வயித்துக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். வாய்ப்பேச்சை மாத்திப் பேசிருவான், வயித்துக்குள்ள போனதை என்ன பண்ணுவான்?"

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சத்தியம்னா அதான தாயி? ஒங்க ஊர்ல வேற மாதிரியா?"

நான் பட்டனை அமுக்கினேன். செம்புல தண்ணி தளும்புச்சு. தீக்குச்சி உரசுச்சு. அப்புறம் அத்தனை பேரும் மூச்சுக்கூட விடலை. 'பட்'னு ஒரு அடி. 'மடக்'னு ஒரு முழுங்கல். யாரோ ஒரு பொம்பளை "அப்பாடா"ன்னா. படிச்ச குரல், "சரி சரி, போய் வேலையைப் பாருங்க"ன்னுச்சு. மறுபடியும் சட்டிச் சத்தம். சாயங்காலம் கல் இறுகுற வரைக்கும் சட்டிச் சத்தம்தான்.

அண்ணாச்சி முகம் மலர்ந்து போயிருந்துச்சு. "பாத்தியா தாயி? பண்ணிட்டாரு! அப்பா சொன்னது அத்தனையும் நிசம்!"

அந்த முகத்தைப் பாத்து விதியைச் சொன்ன பாவி நான்தான். சொல் இருந்தாத்தான் சாட்சி, அடிச் சத்தம் சாட்சி ஆகாதுன்னு சொன்னேன். அவருக்கு முதல்ல விளங்கலை. ரெண்டாந்தடவை சொன்னப்போ மெதுவா நாற்காலியில உக்காந்தார். "அந்த ஆளு சொல்லத்தான வந்தாரு. எங்க தாத்தாதான வேண்டாம்னாரு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. யார் மேலன்னு தெரியலை, எல்லார் மேலயும்தான். கதவு சாத்தியிருக்கான்னு பாத்துக்கிட்டேன்.

"அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. அந்த ஆள் குரல் எங்கிட்ட இருக்கு. கீறல் விழுந்த எடத்தை இட்டு நிரப்புற வசதி இந்த மெஷின்லயே இருக்கு. 'யுத்தம் முடிஞ்சதும் நெலம் உங்களுக்குத்தான்'. ஒரே ஒரு வரி. ஒரு மணி நேர வேலை. கல்லு தூளாயிடுச்சு, எவனும் மறுபடி சோதிக்க முடியாது."

வெளியில பொம்பளைங்க வத்தல் அள்ளுற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

"வாயில தண்ணியை வச்சுக்கிட்டு அவரு எப்படித் தாயி பேசுவாரு?"

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்க தாத்தா பக்கத்துல நிக்காருல்லா. இப்பத்தான அவரு குரலைக் கேட்டேன். அவரை அங்கன நிக்க வச்சுக்கிட்டுப் பொய் சத்தியம் பண்ணச் சொல்லுதியா?"

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? அறுபத்திமூணு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்!"

"நிக்கும்"னார். "இருக்கதைக் கொண்டு போய்ப் போடு தாயி. கேக்கிறவனும் தமிழ் ஆளுதான, சூடம் அணைச்சா என்னன்னு அவனுக்குத் தெரியாமலா போயிரும்?"

தெரிஞ்சுதான் இருந்துச்சு, பாவம். தீர்ப்பாயத்துல உக்காந்திருந்தவர் நல்ல மனுஷன். நடுவயசு, நெத்தியில திருநீறு. பதிவைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். அரசு வக்கீல்தான் எந்திரிச்சார்.

"ஒரு கேள்வி இருக்கு, ஐயா, பதில் இல்லை. ஒரு அடி விழுந்த சத்தம் இருக்கு. அதிகாரி கொசு அடிச்சிருக்கலாம்."

நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. கொம்பையா அண்ணாச்சி எந்திரிச்சு, தண்ணி, சூடம், வயிறு எல்லாத்தையும் விளக்கினார். கூப்பிய கையை இறக்கவே இல்லை.

"அப்ப அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லலைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க?"ன்னு வக்கீல் மடக்கினார்.

"ஆமாய்யா. சொல்லக் கூடாதுய்யா."

"என்ன நினைச்சுச் சத்தியம் பண்ணார்னு எப்படித் தெரியும்? நெலம் கிடையாதுன்னுகூட நினைச்சிருக்கலாமே?"

அண்ணாச்சி திகைச்சுப் போனார். தொண்ணூத்தொம்பது வருஷத்துல அந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. திருநீறு பூசினவர் கடைசியா ஒண்ணு கேட்டார். "பெரியவரே, அன்னைக்கு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி வாங்கியிருக்கலாமே?"

"சாமி முன்னால சத்தியம் வாங்கின பெறவு காகிதம் கேட்டா, சாமியை நம்பலைன்னு ஆயிருமேய்யா."

கேள்வி கேட்டவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தீர்ப்பு ஒன்றரைப் பக்கம்தான் இருந்துச்சு. சொல் எதுவும் கேட்கவில்லை, ஆகவே வாக்குறுதி நிரூபிக்கப்படவில்லை. ஆனி மாசம் காலி பண்ண வச்சாங்க. இருபது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பு கொடுத்தாங்க. ஆடு மாடு வளக்கக் கூடாதுன்னு வாசல்லயே பலகை மாட்டியிருந்துச்சு. வண்டி ஏறும்போது அண்ணாச்சியோட சம்சாரம், வழியனுப்பப் போயிருந்த என்னைப் பாத்து மண்ணை அள்ளி வீசினாங்க. என் மேல படலை. பட்டிருக்கணும்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். யாரோ செஞ்ச அநியாயம்னு எல்லார் மாதிரியும் உச்சுக் கொட்டிட்டுப் போயிருப்பேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு விமான நிலையம் தயாராச்சு. பயணிகளுக்கும் ஒரு சின்னக் கட்டடம் கட்டினாங்க, அதுக்குள்ள 'முள்ளுச்செவல் விமானத் திடல்: ஒரு வரலாறு'ன்னு ஒரு கூடம். வேலை எங்க கம்பெனிக்கு வந்துச்சு. பதிவெல்லாம் கம்பெனிச் சொத்துதானே. எங்க மேலாளர் தேவசகாயம் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, யாரு மனசையும் நோகடிக்கத் தெரியாதவர். அதான் அவரோட பிரச்சினை.

"உலகு, நாலு ஒலி வேணும். ரோடு ரோலர், மண்வெட்டிச் சத்தம், விமானம் இறங்குறது, ஊர் மக்கள் வரவேற்கிறது."

"சார், அந்தக் காங்கிரீட் விமானத்தைக் கேட்டதே இல்லை. மொதல் விமானம் வந்து இறங்குறதுக்குள்ள அது இறுகிப் போச்சு."

"விமானச் சத்தத்தை வேற எங்கேயாவது எடுத்துக்கலாம். வரவேற்பு?"

"யாரும் வரவேற்கலை. நெலத்தைப் பறிகொடுத்தவன் எப்படி வரவேற்பான்?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா இதுல சேர்க்காத பதிவை எல்லாம் மார்ச்சோட அழிச்சுடச் சொல்லியிருக்காங்க. சேமிக்க இடம் இல்லையாம். சேர்த்தது மட்டும்தான் இருக்கும்."

நான் அன்னைக்கு முழுக்க யோசிச்சேன். மாடக்கண்ணு குரல் போயிடும். கிணத்துக்காகக் கவலைப்பட்டவ போயிடுவா. ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு, பொய்யா ஒரு துணுக்காவது மிஞ்சட்டுமேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு சமாதானம். காப்பி குடிச்சுக்கிட்டே செஞ்சு முடிச்சேன்.

அந்த 'பட்'டை எடுத்தேன். முன்னாடி இருந்த தீக்குச்சியை வெட்டினேன், பின்னாடி இருந்த 'மடக்'கை வெட்டினேன். ஒரு அடியை முந்நூறு அடியாப் பெருக்கி, முன்னப் பின்னத் தள்ளி அடுக்கினேன். ஒரு ஊரே கை தட்டுற மாதிரி அருமையா வந்துச்சு. கீழ ஒரு வரியும் எழுதினேன்: 'முதல் விமானம் தரையிறங்கியபோது முள்ளுச்செவல் மக்கள் எழுப்பிய மகிழ்ச்சிக் கரவொலி.' எழுதினது நான்தான். யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கலை. ஒரு மணி நேர வேலை.

கூடம் திறந்து மூணாம் வாரம், ஹெட்ஃபோன் ஒண்ணு பழுதுன்னு சரி பண்ணப் போயிருந்தேன். பகல் பதினோரு மணி. கொம்பையா அண்ணாச்சி உள்ள வந்தார். தனியா, வெள்ளை வேட்டி, கையில மஞ்சப் பை. பஸ் மாறி மாறி வந்திருக்கார். என்னைப் பாத்ததும், "நல்லாருக்கியா தாயி?"ன்னு கேட்டார்.

நேரா அந்தக் கரவொலி வச்சிருந்த மூலைக்குப் போனார். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டார். ஒரு தடவை கேட்டார், மறுபடியும் போட்டுக் கேட்டார். முப்பத்தஞ்சு வருஷம் பஸ் இரைச்சல்ல நின்ன காது, ஆனாலும் கண்டுபிடிச்சுட்டார். ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு என்னைத் திரும்பிப் பாத்தார்.

"தண்ணி முழுங்குன சத்தம் எங்க தாயி?"

"வெட்டிட்டேன் அண்ணாச்சி."

தலையாட்டினார். நான் எழுதின வரி இருந்த பலகைக்குப் பக்கத்துல போய், விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சார். மக்கள். மகிழ்ச்சி. கரவொலி. நான் காத்துக்கிட்டிருந்தேன். வைவார், காறித் துப்புவார், பலகையைப் பிடுங்கி எறிவார்னு. அதுக்காகவே நின்னேன்னு வச்சுக்கோங்க. யாராவது ஒருத்தர் என்னை அடிச்சா நல்லா இருக்கும்னு இருந்துச்சு.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

மஞ்சப் பையை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டார்.

"விடு தாயி. நீ எழுதியாவது வச்சிருக்க. நூறு வருஷம் கழிச்சு எவனாவது கேட்டா இதைத்தான நம்புவான். நாங்கதான் எழுதத் தெரியாத பயலுவ."

சொல்லிட்டு, வெளியில போற வழி எதுன்னு என்கிட்டயே கேட்டார். அவங்க காட்டுல நின்னுக்கிட்டு. நான் கையைக் காட்டினேன்.